நல்ல துப்பாக்கி வாரை இனம் காண்பது

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் ரைஃபிளுக்கும் அதன்மேல் பொருத்தும் தொலைநோக்கிக்கும் மாதக்கணக்கில் ஆராய்ந்து செலவு செய்வார்கள். தோளில் மாட்டும் வாருக்கு வரும்போது மட்டும், கடையில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தொலைநோக்கியோடு சேர்த்தால் நாலு கிலோ வரை வரும் துப்பாக்கி அது. மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி, நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் தொங்கும். வார் அறுந்தால் கீழே விழுவது துப்பாக்கி. அதனால் இதை அவசரமில்லாமல் பேச வேண்டும். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வாருக்கு இரண்டு வேலை. ஒன்று சுமப்பது, அது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, சுடும்போது துப்பாக்கியை ஆடாமல் நிறுத்துவது. வாரை வளையமாக்கி இடது மேற்கையில் இறுக்கிக்கொண்டால், துப்பாக்கியின் எடையைத் தசைக்குப் பதிலாக எலும்பும் வாரும் தாங்கும். தசை களைத்தால் நடுங்கும், எலும்பு நடுங்காது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் போட்டியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: மண்டியிட்டும் படுத்தும் சுடுகையில் கையில் வார் இருக்கும். நின்று சுடும்போது விதி அதை அனுமதிப்பதில்லை. அவ்வளவு உதவி அதனால் கிடைக்கிறது.

இந்த இரண்டு வேலைக்கும் பொருந்தும்படி அமெரிக்க ராணுவம் 1907இல் ஒரு தோல் வாரை ஏற்றது. எம்1907 என்று அந்த ஆண்டின் பெயரிலேயே அதை அழைக்கிறார்கள். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என இரண்டு துண்டு. ஜோடி ஜோடியாகத் துளைகள். துளைகளில் மாட்ட நகம் போன்ற பித்தளைக் கொக்கிகள். வளையத்தை நழுவாமல் பிடிக்க இரண்டு தோல் பட்டிகள். ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளோடு முதல் உலகப்போருக்கும், கராண்ட் ரைஃபிளோடு இரண்டாம் உலகப்போருக்கும் போனது. ஒஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெரியில் நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டிகளில் இன்றும் அதைக் காணலாம். கைவினைஞர்கள் அதே 1¼ அங்குல அகலத்தில் இன்னும் செய்கிறார்கள்.

ஆகவே முதலில் உங்கள் தேவையை முடிவு செய்யுங்கள். சுமக்க மட்டும் என்றால், தோளில் படும் இடம் அகலமாக, அடிப்பக்கம் நழுவாத சொரசொரப்போடு இருக்கும் எளிய வார் போதும். சுடவும் உதவ வேண்டுமென்றால் வளையமாகும் வகைதான் வேண்டும்.

அடுத்தது தோல். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

பால் சேர்க்காத டீயை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். நாக்கு வறண்டு இழுக்கும். டீயிலிருக்கும் டானின் நம் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் துவர்ப்பு அது. பால் ஊற்றினால் பாலின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், துவர்ப்பு அடங்கிவிடும். மரப்பட்டைகளிலும் அந்தத் துவர்ப்பு உண்டு. பச்சைத் தோலும் புரதம்தான். பட்டை ஊறிய நீரில் அதைப் போட்டால் டானின் நாரோடு நார் பற்றிக்கொள்ளும். தோல் அழுகாது, இறுகி உருவம் பிடிக்கும். திண்டுக்கல், ஈரோடு பக்கத்துப் பதனிடுகாரர்கள் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் வைத்துச் செய்துவந்ததும் இதே வேலைதான். அமெரிக்க வார்க்காரர்கள் பலர் நாடும் ஹெர்மன் ஓக் ஆலை, செயின்ட் லூயிஸ் நகரில் 1881 முதல் நடக்கிறது. இங்கிலாந்தின் கோலிட்டன் ஊரில் பேக்கர் குடும்பத்தார் ஓக் பட்டையிலேயே தோலை ஓராண்டுக்கு மேல் பதப்படுத்துகிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குரோம் உப்பு வந்தது. வாரங்களும் மாதங்களும் பிடித்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. குரோம் தோல் மெத்தென்று வளையும், தண்ணீரைத் தாங்கும். சட்டைக்கும் ஷூவின் மேல்பகுதிக்கும் நல்லது. ஆனால் எடையைத் தொங்கவிட்டால் நீண்டுகொண்டே போகும். வாருக்கு அது ஆகாது. நேற்று சரியாக இறுகிய துளை இன்று தளர்ந்தால், அந்த வளையத்தை நம்பிக் குறி பார்க்க முடியாது.

இரண்டையும் பிரித்தறிய வெட்டுவாயைப் பாருங்கள். பட்டையில் பதனிட்ட தோல் உள்ளே வரை பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் சாம்பல் கலந்த நீலம் தெரியும். அப்புறம், தோல் மாட்டின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று கேளுங்கள். முதுகெலும்பின் இருபுறமும் நார் நெருக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தளர்ந்திருக்கும். வழவழப்பான பக்கம் உள்ளே வரும்படி வாரை மடக்கினால், முதுகுத் தோலில் மயிரிழை போன்ற சுருக்கம் விழும். வயிற்றுத் தோலில் பெரிய மடிப்புகளாக எழும்பும். தோலின் கனத்தை அமெரிக்காவில் அவுன்சில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் சுமார் 0.4 மில்லிமீட்டர். எட்டு முதல் பத்து அவுன்ஸ், அதாவது 3.2 முதல் 4 மில்லிமீட்டர், வாருக்கு ஏற்ற கனம். ‘ஜெனுயின் லெதர்’ முத்திரையைக் கண்டு மயங்க வேண்டாம். அது தோல் என்பதை மட்டும்தான் சொல்கிறது, தரத்தைச் சொல்வதில்லை.

தையலைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மெஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் நடுவில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். ஒரு நூல் தேய்ந்து அறுந்தால் அக்கம்பக்கத்துத் தையல்கள் நெகிழத் தொடங்கும். கைத்தையலில் மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக இழுப்பார்கள். ஒரு பக்க இழை அறுந்தாலும் மறுபக்க இழை விடாது. தையல் முடியும் இடத்தில் இரண்டு மூன்று தையல் திரும்பி வந்திருந்தால், செய்தவர் பொறுப்பானவர்.

கொக்கியில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. திருகாணி இருந்தால், அது கழலாதபடி திருகுப் பசை இடப்பட்டிருக்க வேண்டும். வாரை மாட்டத் துப்பாக்கியில் இருக்கும் வளையமும் வாரும் ஒரே அகலத்தில் இருக்கட்டும். 1 அங்குல வளையத்தில் 1¼ அங்குல வாரைத் திணித்தால் ஓரம் சுருண்டு, அங்கிருந்துதான் கிழியும்.

வாங்கிய பிறகு நீட்ஸ்ஃபுட் எண்ணெயை எப்போதாவது மெல்லிசாகத் தடவினால் போதும். அதிகமானால் தோல் தொளதொளத்து நீளும். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். அடுப்பருகே வைத்தால் வெடித்துவிடும். துப்பாக்கியில் சுற்றிப் பெட்டியில் வைக்காதீர்கள். தோலின் ஈரம் இரும்பில் துரு ஏற்றும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் துளைகள் நீண்டிருக்கின்றனவா, துப்பாக்கியின் வளையத்தில் மடியும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வார் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், வேலி தாண்டும்போதும் மரம் ஏறும்போதும் துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது.

ஓக் இலை, மான் தலை என்று செதுக்கிய வார்கள் அழகானவை; அந்தக் கைத்திறனுக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் முதலில் வாரைத் திருப்பி, பின்பக்கத்தையும் ஓரத்தையும் தையலையும் பார்த்துவிட்டு முன்பக்கத்துக்கு வாருங்கள். கையில் பணம் குறைவு என்றால் செதுக்கலை விட்டுவிடலாம். முதுகுத் தோலையும் கைத்தையலையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.