சிங்கத்தின் ஐந்தாவது விரல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, கேமராவில் எடுத்த படங்களை ஏற்றி பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் கூட்டிப் பார்ப்பது. குடும்பப் படத்தில் இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் சில படங்களில் ஒரு சின்னக் கோடு மறைந்தால் படத்தின் பொருளே மாறிவிடும்.

ஆப்பிரிக்காவில் உள்ள நமீபியாவின் வடமேற்கே வறண்ட நிலத்தில் இருக்கிறது ட்வைஃபெல்ஃபோன்டைன். இங்குள்ள சிவந்த மணற்பாறைகளில் 2,000-க்கும் மேற்பட்ட உருவங்கள் கொத்தப்பட்டுள்ளன. காண்டாமிருகம், யானை, தீக்கோழி, ஒட்டகச்சிவிங்கி, மனித, விலங்குக் காலடித் தடங்கள் எனப் பலவகை. வேட்டையாடி வாழ்ந்த மக்கள் செய்தவை இவை. 2007-ல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இவற்றில் புகழ்பெற்றது 'சிங்க மனிதன்'. பார்த்தால் சிங்கம்தான். ஆனால் பாதங்களை எண்ணிப் பாருங்கள், ஐந்து விரல்கள்! உண்மையான சிங்கத்தின் காலடித் தடத்தில் நான்கு விரல்கள்தான் பதியும். நீண்ட வாலும் மடிந்து நிற்கிறது. அதன் நுனியில் இன்னொரு பாதத்தடம். எனவே இது வெறும் சிங்கம் அல்ல, சடங்கின்போது சிங்கமாக மாறும் மனிதன் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். 19-ம் நூற்றாண்டில் சான் இன மக்களிடம் கேட்டு எழுதிவைக்கப்பட்ட குறிப்புகளும் இத்தகைய விளக்கங்களுக்குத் துணை நிற்கின்றன. ஒரு விரல் படத்தில் விழாமல் போனால் இந்த விளக்கத்தின் முக்கியமான ஆதாரம் போய்விடும்.

வெளிச்சம்தான் முக்கியம்

பாறையின் மீது வெளிச்சம் நேராக விழுந்தால் மெல்லிய செதுக்கல் தெரியாது. கேமராவின் ஃப்ளாஷும் அப்படித்தான். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து உரசிச் சென்றால் ஒவ்வொரு குழியிலும் நிழல் விழும், உருவம் எழுந்து நிற்கும். படுக்கையான பாறை என்றால் காலையும் மாலையும் நல்ல நேரம்.

கோடுகள் தெரிய வேண்டும் என்று சாக்பீஸால் வரைவது பழைய பழக்கம். அதைச் செய்யவே கூடாது. பாறை கெடுவது ஒரு பக்கம். படத்தில் பதிவது பழங்கால மனிதனின் கோடு அல்ல, சாக்பீஸ் பிடித்தவரின் ஊகம்.

2001-ல் எச்.பி. ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டரும் அவரது சகாக்களும் ஒரு முறையை வெளியிட்டார்கள். கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் பல திசைகளில் வைத்துப் பல படங்கள் எடுக்க வேண்டும். மென்பொருள் அவற்றை ஒன்று சேர்க்கும். பிறகு மவுஸை நகர்த்தி, விரும்பிய திசையிலிருந்து வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கலாம்! இன்று பாறைச் செதுக்கல்களை ஆராய இம்முறை பயன்படுகிறது.

வீட்டில் செய்து பாருங்கள்

1. தேய்ந்த நாணயம் ஒன்றை மேசையில் வைத்து, கேமராவை அதற்கு நேர் மேலே அசையாமல் பொருத்துங்கள்.

2. அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைத் தாழ்வாகப் பிடித்து நான்கு திசைகளிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள்.

3. படங்களைக் கம்ப்யூட்டரில் ஒரு போல்டரில் போட்டு, அதை அப்படியே காப்பி செய்யுங்கள். காப்பியில் மட்டுமே வேலை செய்யுங்கள்.

4. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்து, கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தின் கீழே இரு ஓரங்களிலும் உள்ள முக்கோணங்களை, மேடு தொடங்கும் இடம்வரை உள்ளே நகர்த்துங்கள். அத்துடன் நிறுத்துங்கள்.

ஷார்பன் வசதியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் ஓரங்களில் இல்லாத கோடுகள் முளைக்கும். ஆய்வாளர் அதை ஆறாவது விரல் என்று எண்ணிவிடலாம்!

இன்னொரு வேடிக்கை. படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். குழி மேடாகவும், மேடு குழியாகவும் தெரியலாம். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை நினைத்துக்கொள்வதே காரணம். எனவே வெளிச்சம் வந்த திசையை ஃபைல் பெயரிலேயே குறித்துவையுங்கள்.

நான்கு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒரே படத்தில் மட்டும் தெரியும் கோட்டைச் சந்தேகியுங்கள், ஆனால் அழித்துவிடாதீர்கள். அது வெறும் கீறலாக இருக்கலாம், ஐந்தாவது விரலாகவும் இருக்கலாம்.