உஷார்! ஒன்றரை மீட்டர் வயருக்கு ஒரு லட்சமா?

உங்கள் வீட்டுப் பையன் போனில் ஆம்ப்ளிஃபையருக்குப் 'பவர் கார்டு' தேடிக்கொண்டிருந்தால் உடனே விலையை எட்டிப் பாருங்கள். சுவர் பிளக்கிலிருந்து ஆம்ப்ளிஃபையரின் முதுகு வரை போகிற, ஆள் உயரம்கூட இல்லாத கறுப்பு வயர்தான் அது. எலெக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாயோடு முடிகிற சமாசாரம். அதற்கே இருபதாயிரம், ஐம்பதாயிரம், லட்சம் என்று விலை போட்டு விற்கிறார்கள். மேலே பளபளவென்று பின்னல் உறை, இரண்டு முனையிலும் தங்க முலாம், வைத்துக் கொடுக்க அழகான பெட்டி. இதை மாட்டினால் பாஸ் இறுகுமாம், பாடுகிறவர் குரல் முன்னால் வருமாம், பின்னணியில் இருக்கிற இரைச்சல் அடங்கி மௌனம் கூடுமாம்.

இந்தச் சரக்கெல்லாம் சென்னை, கோயம்புத்தூரோடு நின்றுவிடும், அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பாலவனத்தம் வரை வராது என்று இருந்துவிட வேண்டாம். பங்குனிப் பொங்கலுக்கு வசூலித்த வரிப்பணத்தில் செட்டை மேம்படுத்த நினைக்கும் இளைஞர்களும், சிங்கப்பூரிலிருந்து வரும் அண்ணனிடம் பட்டியல் கொடுக்கும் தம்பிகளும் எல்லா ஊரிலும் உண்டு. கூரியர் வண்டி நுழையாத தெருவும் இப்போது இல்லை.

வயரை மாற்றினால் சத்தம் மாறுமா என்பதை வாய்ச்சண்டையாக இல்லாமல் காதை வைத்தே தீர்த்துக்கொள்ளப் பார்த்தவர்கள் உண்டு. 2004-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து ஆடியோ பிரியர்கள் கூடி ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு பக்கம் நார்டாஸ்ட் நிறுவனத்தின் 'வல்ஹல்லா' பவர் கார்டு. ஒன்றின் விலை 2,500 டாலர், அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். இன்னொரு பக்கம் பெட்டியோடு இனாமாக வருகிற சாதா வயர். எது மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் பாட்டைக் கேட்டுச் சொல்ல வேண்டும். கேலி செய்ய வந்த கூட்டமில்லை அது. இதற்காகவே காசு செலவழிக்கிற, காதைத் தீட்டி வைத்திருக்கிற ஆட்கள். சொன்ன பதில்கள் மொத்தம் 149. அதில் சரியானவை 73. காசைச் சுண்டிப்போட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ இதே கணக்குத்தான் வந்திருக்கும்.

2007-ல் மோசடிகளை அம்பலப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து கண்ணால் பார்க்காமல் பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்றார். ஒரு பிரபல விமர்சகர் தயார் என்றும் சொன்னார். கேபிள் நிறுவனம் பின்வாங்கியது, சோதனை நடக்கவே இல்லை. பத்து லட்சம் டாலர் என்றால் சும்மாவா! சரக்கில் நம்பிக்கை இருப்பவன் இரவோடு இரவாக விமானம் ஏறியிருக்க மாட்டானா?

இனி பாலவனத்தத்துக் கம்பத்தடிக்கு வருவோம். உங்கள் ஆம்ப்ளிஃபையருக்கு வருகிற கரண்ட் எந்த வழியாக வருகிறது? துணைமின் நிலையத்திலிருந்து மைல்கணக்கில் அலுமினியக் கம்பி. நடுவில் பம்ப்செட் மோட்டார்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் என்றால் விசைத்தறிகளும் சேரும். பிறகு ஊர் டிரான்ஸ்பார்மர், சர்வீஸ் வயர், மீட்டர், ஃபியூஸ், சுவருக்குள் வீடு கட்டும்போது இழுத்த வயர். இத்தனையும் தாண்டி வந்த கரண்டைக் கடைசி ஒன்றரை மீட்டரில் 'சுத்தப்படுத்துகிறேன்' என்றால் எப்படி? ஜப்பானில் சிலர் தங்கள் ஆடியோ செட்டுக்கென்றே வீட்டு வாசலில் தனிக் கம்பமும் டிரான்ஸ்பார்மரும் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். பைத்தியம்தான், ஆனாலும் லட்ச ரூபாய் வயரைவிட அதில் கொஞ்சம் தர்க்கம் இருக்கிறது.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ஒன்றரை மீட்டர் நீளம், போக வர மூன்று மீட்டர். வீட்டு ஆம்ப்ளிஃபையர் ஒரு ஆம்பியர் இழுத்தால் இந்த வயரில் தொலைவது 0.06 வோல்ட். லைனிலோ 230 என்பது பெயருக்குத்தான், மோட்டார் ஓடும் நேரத்தில் அது பத்து இருபது வோல்ட் ஏறி இறங்கும். அதைவிட முக்கியமானது ஒன்று: பவர் கார்டில் பாட்டு ஓடுவதில்லை. அதில் ஓடுவது 50 ஹெர்ட்ஸ் கரண்ட். ஆம்ப்ளிஃபையருக்குள் போனதும் டிரான்ஸ்பார்மர் அதைக் குறைக்கிறது, டையோடுகள் டி.சி.யாக மாற்றுகின்றன, பெரிய கெப்பாசிட்டர்கள் தேக்கி வைத்துக்கொள்கின்றன. பாட்டுக்கு வேண்டியது அந்தத் தேக்கத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. சுவரிலிருந்து வருகிற வயர் வெள்ளியா, செம்பா என்று டிரான்சிஸ்டருக்குத் தெரிய வழியே இல்லை. 'ஆக்சிஜன் நீக்கிய செம்பு' என்பார்கள். சாதாரண எலெக்ட்ரிகல் செம்புக்கும் அதற்கும் கடத்தும் திறனில் வித்தியாசம் ஒரு சதவீதம் இருந்தால் அதிகம்.

இந்த வியாபாரத்துக்குப் பொருந்துகிற ஊர்க் கதை ஒன்று உண்டு. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-ல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் பாலவனத்தம் ஜமீன்தார். திருக்குறளில் எதுகை சரியில்லை என்று ஒரு வெள்ளைக்காரர் 'திருத்தி' அச்சிட்ட பிரதிகளையெல்லாம் விலை கொடுத்து வாங்கிக் கொளுத்தினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பிழையே இல்லாததைத் திருத்த வருகிறவர்களை என்ன செய்ய வேண்டும் என்று இந்த ஊருக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் வயரே முக்கியமில்லை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கோயில் பந்தலுக்கு நூறு மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து அதே ஒரு சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்து, மைக் செட், சீரியல் செட் எல்லாமாகப் பத்து ஆம்பியர் எடுத்தால் வயரிலேயே ஏறத்தாழ 40 வோல்ட் போய்விடும். ஆம்ப்ளிஃபையர் திணறும், குரல் கரகரக்கும், சுருட்டி வைத்த வயர் சூடேறி உருகும். அங்கே நாலு சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு பத்து வோல்ட்டுக்கு இறங்கிவிடும். மைக் செட்காரர்களுக்கு இது தெரியும். அவர்களுக்கு இதை விற்க யாரும் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவதில்லை.

பணம் போனால் போகட்டும். இதில் உயிர் போகிற இடம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பவர் கார்டில் பிளக்கும் வெளிநாட்டுடையது. ஐரோப்பிய உருண்டைப் பிளக்கை நம் பாயிண்ட்டில் அமுக்கினால் இரண்டு முனையும் உள்ளே போய்விடும், எர்த் மட்டும் எங்கேயும் தொடாது. அமெரிக்கப் பிளக்கில் பெரும்பாலும் 125 வோல்ட் என்றுதான் அச்சிட்டிருக்கும். அதற்கு ஒரு அடாப்டரை மாட்டுவார்கள், அதிலும் பலவற்றில் எர்த் கிடையாது. இதற்கும் மேல் ஒரு கெட்ட பழக்கம்: ஸ்பீக்கரில் 'ங்ங்' என்று இரைந்தால் மூன்றாவது பின்னை வெட்டிவிடுவது. இரைச்சல் நிற்கும், உண்மைதான். ஆனால் உள்ளே எங்காவது ஃபேஸ் வயர் பாடியைத் தொட்டால் ஆம்ப்ளிஃபையரின் தகடு முழுக்கக் கரண்ட். அங்கிருந்து மைக் வயரின் மேல்பின்னல் வழியாக மைக்குக்கு வரும். முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளித்த தரையில் வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடிப்பது யார் வீட்டுப் பிள்ளை? இரைச்சல் வந்தால் எல்லாச் சாமான்களையும் ஒரே போர்டில் மாட்டிப் பாருங்கள். எர்த்தை வெட்டாதீர்கள்.

எர்த் இருந்தாலும் நம் பக்கத்தில் அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்து எர்த் கம்பியை விட்டு விலகி நிற்கும். ஈரமில்லாத மண்ணில் கரண்ட் இறங்காது. எர்த்தின் தடை 50 ஓமுக்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். 230 வோல்ட் பாடியைத் தொட்டாலும் போவது 4.6 ஆம்பியர்தான். 6 ஆம்பியர் எம்.சி.பி. விழவே விழாது, பெட்டி கரண்டோடு அப்படியே காத்திருக்கும். பங்குனியிலும் சித்திரையிலும் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். பழைய குழி என்றால் உப்பும் கரியும் போட்டுப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். மீட்டர் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடச் சொல்லுங்கள். எர்த் பலவீனமாக இருந்தாலும் கசிவு வந்த நொடியில் அது வெட்டிவிடும். கிராக்கியான ஒரு பவர் கார்டின் விலையில் இவ்வளவையும் செய்துவிட்டு மிச்சக் காசில் நல்ல ஸ்பீக்கரே வாங்கலாம். சத்தம் நிஜமாகவே மாறுகிற இடம் ஸ்பீக்கர்தான்.

ரொம்ப மலிவு என்று சந்தையில் கிடைப்பதையும் வாங்காதீர்கள். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் நிறைய உலவுகிறது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வயரிலும் பிளக்கிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'உடனே தெரியாது சார், இருநூறு மணி நேரம் ஓடினால்தான் வயர் பழகும்' என்று விற்கிறவர் சொல்வார். தினம் இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டால் நூறு நாள். திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் எப்போதோ முடிந்திருக்கும், காதும் பழகியிருக்கும். அந்தப் பேச்சைக் காதில் வாங்காமல், பில்லையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்திக்கொண்டு கெடுவுக்குள் திருப்பி அனுப்புங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தையும் சேர்த்தே பிடிக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யக் கட்டணமும் இல்லை.