கபர்டுக்குள் ஒரு பலகை

இங்கிலாந்துத் தோட்டங்களில் சாதாரணமாகத் தென்படும் பறவை பிளாக்பேர்ட். ஆண்தான் கறுப்பு, பெட்டை பழுப்பு. ஆனாலும் அதுவும் பிளாக்பேர்ட்தான். காகம் கன்னங்கரேலென்று இருந்தாலும் பிளாக்பேர்ட் ஆகாது, வெறும் ‘பிளாக் பேர்ட்’. இரண்டையும் காது பிரித்தறிவது அழுத்தத்தால். ‘பிளாக்’ ஓங்கி ‘பேர்ட்’ தாழ்ந்தால் ஒரு பறவையினத்தின் பெயர். ‘பேர்ட்’ ஓங்கினால் ஏதோ ஒரு கறுப்புப் பறவை. பச்சைப் பலகையையும் கூசாமல் பிளாக்போர்ட் என்கிறார்களே, அதுவும் இப்படித்தான்.

தமிழில் இரு சொல் ஒன்றானதைப் பல இடங்களில் எழுத்தே காட்டிவிடும். மரமும் பெட்டியும் சேர்ந்தால் மரப்பெட்டி. ஆங்கில எழுத்தில் அழுத்தத்துக்குக் குறி இல்லை. இடைவெளியையும் நம்ப முடியாது: அமெரிக்க அதிபரின் ஒயிட் ஹவுஸைப் பிரித்துத்தான் எழுதுகிறார்கள்; ஆனால் ஓங்குவது ‘ஒயிட்’.

கூட்டுப்பெயரில் முதற்சொல்லே ஓங்கும் என்பதை மொழியியலாளர்கள் நோம் சோம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் 1968இல் வெளியான தங்கள் நூலில் விதியாக வகுத்தார்கள். பேசுகிறவர்கள் விதிக்கு முழுதும் அடங்கவில்லை. ஆப்பிள் கேக்கில் ‘ஆப்பிள்’ ஓங்கும், ஆப்பிள் பையில் ‘பை’. லண்டன் ஆக்ஸ்ஃபர்ட் ஸ்ட்ரீட்டில் ‘ஆக்ஸ்’ ஓங்கும்; அபி ரோட்டில் ‘ரோட்’. தெருவுக்கு ஒரு நியாயம், சாலைக்கு ஒரு நியாயம்!

எனக்குச் சுவையாகப் படுவது, அழுத்தம் கிடைக்காத பின்சொல்லுக்கு நேரும் கதி. ‘போஸ்ட்மேன்’ என்று நாம் சொல்வதை ஆங்கிலேயர் ‘போஸ்ட்மன்’ என்று விழுங்குகிறார்கள். கோப்பை வைக்கும் பலகையாக இருந்த ‘கப் போர்ட்’ அவர்கள் வாயில் ‘கபர்ட்’; ‘ப்’ கரைந்தது, ‘போர்ட்’ அடையாளம் இழந்தது. நாம் எழுத்தைப் பார்த்துக் ‘கப்போர்டு’ என்கிறோம். டெய்ஸிப் பூவின் பெயரில் ‘பகலின் கண்’ ஒளிந்திருக்கிறது; இரவில் இதழ் குவிக்கும் பூ அது. ‘லார்ட்’ இன்னும் மோசம். பழைய ஆங்கிலத்தில் ரொட்டியும் காவலனும் சேர்ந்த ஈரசைத் தொகை அது. நடு மெய்கள் உதிர்ந்து இன்று ஓரசையாகச் சுருங்கிவிட்டது. பிரபுவை ரொட்டிக் காவலன் என்று யாரும் நினைப்பதில்லை.

தேய்ந்தது மீண்டும் வளர்வதும் உண்டு. நெற்றியைக் குறிக்கும் சொல்லை முன்பு ‘ஃபாரிட்’ என்றார்கள். ‘ஹெட்’ அதில் ஏறக்குறைய மறைந்திருந்தது. எழுத்தைப் பார்த்து உச்சரிப்பவர்கள் பெருகியபின், இப்போது பிரிட்டனிலேயே பலரும் ‘ஃபோர்ஹெட்’ என்கிறார்கள்.