பாட்டும் வேண்டும், லோரி சத்தமும் கேட்க வேண்டும்: நடைப்பயிற்சிக்கு எந்த ஹெட்போன்?

உலு திராம் - ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் கூட்டரசு சாலை 3-ஐ ஒட்டி வளர்ந்த ஊர் இது. ஒரு பக்கம் தாமான் வீடுகளும் கடை வரிசையும். சற்றுத் தள்ளிப் போனால் செம்பனைக் காடு. விடியற்காலையில் நடக்கக் கிளம்பும் எல்லாருக்கும் தனி நடைபாதை கிடைப்பதில்லை. தாமான் சாலை, தோட்டத்துச் செம்மண் பாதை, பெரிய சாலையின் ஓரம் எனக் கிடைத்த இடத்தில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அதே சாலையில் லோரியும் போகிறது, வேலைக்கு விரையும் மோட்டார் சைக்கிளும் போகிறது.

நடப்பவர்களின் காதில் இப்போது கம்பியில்லா ஹெட்போன். அதில் தவறு எதுவும் இல்லை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். டாக்டர் நடக்கச் சொன்னார் என்பதற்காக ஷூ வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. மூன்றாம் நாள் சலித்துவிடும் நடையைப் பாட்டு முப்பதாம் நாள் வரை இழுத்துச் செல்லும் என்றால் அது நல்லதுதான். எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசி 1998இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 2,000 மீட்டர் உள்ளரங்கச் சாதனை படைத்தபோது, தமக்குப் பிடித்த ‘ஸ்கேட்மேன்’ பாட்டை அரங்கில் போடச் சொல்லி, அதன் தாளத்துக்கே ஓடினார். உருமி மேளம் கேட்டால் கால் தானாக அசைவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிக்கல் பாட்டில் இல்லை, காதை அடைப்பதில்தான். கடைகளில் இன்று பெரிதாக விளம்பரம் செய்யப்படுவது ‘இரைச்சல் நீக்கும்’ வசதி. கருவியில் உள்ள சின்ன மைக் வெளிச் சத்தத்தைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சிப், அந்த ஒலி அலைக்கு நேர் எதிரான அலையை உருவாக்கிக் காதுக்குள் விடுகிறது. ஏறும் அலையும் இறங்கும் அலையும் மோதி ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இந்த வித்தை விசில் போன்ற கீச்சு ஒலியிடம் அவ்வளவாகப் பலிக்காது. விமான இயந்திரம், ஏர்கான், பேருந்து போல ஒரே சீராக உறுமும் தாழ்ந்த ஒலியிடம் நன்றாகப் பலிக்கும். பின்னால் நெருங்கும் லோரியின் உறுமலும் அதே வகைதான். விமானத்தில் வரமாக இருக்கும் வசதி, சாலையோரத்தில் ஆபத்தாகிறது.

ஆகவே, வாங்குமுன் எந்த விலையில் வாங்கலாம் என்பதைவிட எங்கே நடக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்வது நல்லது. ஜிம்மிலோ வீட்டிலோ டிரெட்மில்லில் நடப்பவருக்கு, ரப்பர் முனையோடு காதுத் துளையை அடைக்கும் இயர்பட் போதும். வெளிச் சத்தம் அடைபடுவதால் குறைந்த ஒலியிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். சாலையில் நடப்பவருக்குக் காதைத் திறந்து வைக்கும் வகைதான் பொருத்தம். அதில் ஒன்று, காது மடலில் கொக்கிபோல் மாட்டி, துளைக்கு வெளியே நின்று ஒலிப்பது. மற்றொன்று, காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் பதிந்து, அதிர்வை எலும்பு வழியாகவே உட்காதுக்கு அனுப்புவது. பிரிட்டனில் வாகனங்களுக்கு முழுதாக மூடப்படாத சாலைகளில் நடக்கும் ஓட்டப் பந்தயங்களில் சாதாரண ஹெட்போனுக்குத் தடை விதித்த தடகள அமைப்பு, எலும்பு வழி வகைக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. ஒன்றை மறந்துவிடக் கூடாது. காது திறந்திருந்தாலும் கவனம் பாட்டில் மூழ்கியிருந்தால் லோரி சத்தம் காதில் விழுந்தும் பயனில்லை. வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நம் நாட்டில், நடப்பவர் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். காது தவறவிடுவதைக் கண் பிடித்துக்கொள்ளும்.

ஏற்கெனவே இயர்பட் வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம். இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு, வெளிச் சத்தத்தை உள்ளே விடும் முறை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம். அல்லது ஒரு காதில் மட்டும் மாட்டலாம். மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட்டுக்குள் மாட்டிக்கொண்டு போவது வேறு கதை. அதை விட்டுவிடுவதே நல்லது.

எலும்பு வழி வகை செவிப்பறையைத் தொடுவதில்லை, அதனால் எவ்வளவு சத்தமாகவும் கேட்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. எந்த வழியாக வந்தாலும் ஒலி போய்ச் சேரும் இடம் ஒன்றே: நத்தை ஓடு போன்ற உட்காது. அங்குள்ள நுண்மயிர் உயிரணுக்கள்தாம் சத்தத்தால் அழிபவை. ஒரு முறை அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. காது திறந்திருக்கும் வகையில் சாலை இரைச்சலும் உள்ளே வருவதால், அதை முந்தப் பாட்டைக் கூட்டிக்கொண்டே போகும் பழக்கமும் வந்துவிடும்.

உலகச் சுகாதார நிறுவனம் காதுக்கு ஒரு வாரக் கணக்கு வைத்திருக்கிறது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் சுமார் 20 நிமிடம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் ஒலியின் ஆற்றல் இரு மடங்காவதால் நேரம் பாதியாகக் குறைகிறது. தினம் ஒரு மணி நேரம் 90 டெசிபலில் குத்துப் பாட்டு கேட்டபடி நடப்பவர், திங்களன்று தொடங்கினால் வியாழனோடு அந்த வாரத்துப் பங்கை முடித்துவிடுகிறார். கைப்பேசியில் ஒலியை 60 விழுக்காட்டைத் தாண்டவிடாமல் வைத்துக்கொள்வது எளிய வழி. பல கைப்பேசிகளில் உச்ச ஒலியைப் பூட்டி வைக்கும் அமைப்பும் உண்டு.

தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் உறைக்க வேண்டும். புல்வெட்டும் மிஷினைத் தோளில் மாட்டி வேலை செய்பவர், செம்பனை எண்ணெய் ஆலையில் நிற்பவர், பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர் ஆகியோரின் காது வீடு திரும்பும்போதே களைத்திருக்கும். புல்வெட்டும் மிஷின்களில் பல 90 டெசிபலைத் தாண்டுபவை. நாட்டின் 2019ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறை, 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறது. 94 டெசிபல் என்றால் பாதுகாப்பில்லாமல் ஒரு மணி நேரம்தான். வேலையில் பங்கு முழுவதையும் செலவழித்தவர், மாலை நடையில் காதுக்குள் மேலும் சத்தத்தை ஏற்றினால் அது கடன் வாங்கிச் செலவழிப்பதற்குச் சமம்.

இதைவிட மோசமான பழக்கம், முதலாளி கொடுத்த காதடைப்பானைக் கழற்றிவிட்டு இயர்பட்டை மாட்டிக்கொண்டு வேலை செய்வது. காதை அடைக்கிறதே, அதுவே பாதுகாப்பாகாதா என்று தோன்றும். ஆகாது. பாட்டு கேட்கச் செய்யப்பட்ட சாதாரண இயர்பட் வேலையிடப் பாதுகாப்புக் கருவியாகச் சோதிக்கப்பட்டதன்று. மிஷின் சத்தத்துக்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமென்றால் அந்தச் சத்தத்தைவிடப் பாட்டைக் கூட்ட வேண்டும். காதுக்கு இரண்டு அடி.

வரம்பை மீறிய இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டுதோறும் செவித்திறன் சோதனை நடத்துவது முதலாளியின் கடமை என்று அதே விதிமுறை சொல்கிறது. வேலையால் வந்த செவித்திறன் இழப்பைத் தொழில்சார் நோயாகக் கருதி பெர்கேசோவில் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. முதலில் குறைவது கீச்சு ஒலிகளைக் கேட்கும் திறன். பேச்சு கேட்கும், ஆனால் ‘ச’வும் ‘ஸ’வும் தெளிவாகப் பிரியாது; பேரப்பிள்ளை சொல்வது மட்டும் புரியாமல் போகும். அல்லது ராத்திரி அமைதியில் காதுக்குள் ‘உய்’ என்று ஒரு ஓசை நிற்காமல் ஒலிக்கும். அந்தக் கட்டத்தில் கிளினிக்குக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

நம் பருவநிலையில் இன்னொரு தொல்லை வியர்வை. அடைத்த காதுக்குள் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் காளான் தொற்றுக்கு அது நல்ல இடம். அரிப்பு, வலி, நீர் வடிதல் வந்தால் இயர்பட்டை எடுத்து வைத்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். காதுக் குச்சியால் குடைவது புண்ணைக் கூட்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வெளிக்காதுத் தொற்று எலும்பு வரை பரவும் ஆபத்து இருப்பதால், ‘தானாகச் சரியாகிவிடும்’ என்று அவர்கள் காத்திருக்கவே கூடாது.

கருவியும் வியர்வையில் கெடும். பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் நீர்த் தெளிப்பைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றிருந்தால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். நடைக்கும் ஓட்டத்துக்கும் 4 போதும். மழையில் நனைபவர் 5 பார்க்கலாம். இந்தச் சோதனைகள் நல்ல நீரில், புதுக் கருவியில் செய்யப்படுபவை. வியர்வையில் உப்பு இருக்கிறது, அது சார்ஜ் ஏறும் பித்தளை நிறப் புள்ளிகளை அரிக்கும். நடை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, காயவிட்டுப் பிறகே பெட்டியில் போட வேண்டும். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியிலோ காரின் முன் கண்ணாடி அருகிலோ விட்டுவைத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும்.

நீச்சலுக்கு ஐபிஎக்ஸ்7 வாங்கியவர்கள் ஏமாந்துபோவதும் உண்டு. கருவி கெடாது, ஆனால் பாட்டு வராது. புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். நீச்சல்காரர்கள் பாட்டைக் கருவிக்குள்ளேயே பதிந்து வைக்கும் வகையைத்தான் பார்க்க வேண்டும். மனித உடலிலும் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், கைப்பேசியைப் பின் பாக்கெட்டில் வைத்து நடக்கும்போது பாட்டு விட்டுவிட்டு வருவதற்கும் இதுவே காரணம். கைப்பேசியைக் கை மேல்பட்டைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பாசார் மாலாமிலும் இணையத்திலும் சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைப்பவை எல்லாம் மோசம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் புளூடூத் கருவிக்கு இந்நாட்டில் சான்றிதழ் தேவை. சிரிம் சோதனைக்குப் பிறகு தரப்படும் எம்சிஎம்சி முத்திரை, கருவியிலோ பெட்டியிலோ இருக்கிறதா என்று பார்க்கலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கெட்டுப்போன பொருளை மாற்றித் தரக் கடைக்காரர் மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே புகாரைப் பதியலாம்.