உங்களுக்குத் தெரியுமா? இடக் காற்றுக்கு இடக் கைப்பிடி

இடப்பக்கத்திலிருந்து பலத்த காற்று தள்ளும்போது, பைக் நேராகச் செல்ல இடக் கைப்பிடியைத்தான் மெல்ல முன்னே தள்ள வேண்டும். முன்சக்கரம் கணநேரம் வலப்பக்கம் திரும்பும். அதனாலேயே வண்டி இடப்பக்கம், காற்றை எதிர்த்துச் சாயும். அந்தச் சாய்வே காற்றின் தள்ளலை ஈடுசெய்கிறது.

கனமான வண்டியைக் காற்று அசைக்காது என்பார்கள். எடை உதவும், மறுப்பதற்கில்லை; ஆனால் காற்று தள்ளுவது பக்கவாட்டுப் பரப்பை. பெரிய ஃபேரிங்கும் பக்கப் பெட்டிகளும் எடை தந்த பலனைக் குறைத்துவிடும். காற்றின் வேகம் மணிக்கு 30 கி.மீ.யிலிருந்து 60 ஆனால் விசை நான்கு மடங்காகிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு சீறும் முப்பந்தல் பகுதியில், லாரியைக் கடந்து வெளிவரும் நொடியில் கவனம் தேவை: மறைப்பு நீங்கியதும் காற்று மொத்தமாக மோதும். அப்போது வேகம் குறைந்திருக்கட்டும், முழங்கைகள் தளர்ந்திருக்கட்டும்.