தெய்வ மறவரும் துப்பாக்கியும்
(திருச்சிராப்பள்ளி, திருவரங்கச் சான்றுகளை முன்வைத்து)

கற்பனை உலகொன்றைப் படைத்து, அதன்கண் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் ஏற்று ஆடும் ஆட்டம் இன்று இளைஞரிடையே பரவியுள்ளது. 1974இல் அமெரிக்க நாட்டில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது இவ்வகையின் முதல்வடிவம் எனலாம். மறுவாண்டே அதனுள் 'பாலடின்' என்னும் பாத்திரம் இடம்பெற்றது. நோன்பு பூண்டு, அறநெறி வழுவாது, தெய்வத் துணையொடு போர் செய்யும் மறவன் அவன். இத்தகைய உலகைத் தமிழிற் படைக்க முயல்வார் முன் ஒரு வினா எழுகின்றது. தெய்வ மறவன் உலவும் உலகில் துப்பாக்கிக்கு இடம் உண்டா? வாளும் வேலும் தெய்வத்தன்மைக்கு இயைவன என்றும், வெடிமருந்து அதனைக் குலைப்பது என்றும் பலர் கருதுகின்றனர். இக்கருத்துப் பொருந்துமா என்பதனைத் தமிழ்ச் சான்று கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1. சொல் காட்டும் வரலாறு

முதற்கண் சொற்களை நோக்குவாம். 'துப்பாக்கி' என்பது துருக்கிய மொழிச் சொல்லின் வழிவந்தது. 'பீரங்கி' என்பது மேலை நாட்டாரைக் குறித்த 'பரங்கி' என்னும் சொல்லொடு தொடர்புடையது. ஆயின், அக்கருவிகளின் வயிற்றுள் இடப்படும் பொருள்களுக்குத் தமிழர் வேற்றுச்சொல் தேடினாரல்லர். உருண்டு திரண்டதனைக் குறித்த 'குண்டு' என்னும் சொல்லையும், நோய் தீர்ப்பதனைக் குறித்த 'மருந்து' என்னும் சொல்லையும் அவற்றிற்கு ஆக்கிக்கொண்டனர். கருவி அயலது; ஆயினும் அது மொழியுள் அயலதாய் நின்றுவிடவில்லை. மொழி ஏற்றுக்கொண்ட ஒன்றனைக் கதையுலகம் ஏலாது என்று கொள்ளுதற்குக் காரணம் இல்லை.

2. குறை கருவியினதா, செயலினதா?

பண்டைய மறநெறி எதிர்நின்று பொருவதனைப் போற்றிற்று. மார்பிற் பட்ட புண்ணைப் பெருமையாகவும், முதுகிற் பட்டதனை இழிவாகவும் கொண்டது. வெண்ணிப் போரில் புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதன் செய்தியைப் புறநானூறு கற்பார் அறிவர். எனவே, சேய்மையினின்று கொல்லும் துப்பாக்கி இந்நெறிக்கு மாறானது என வாதிடுவாரும் உளர்.

இவ்வாதம் நிலைபெறாது. அம்பும் சேய்மையினின்று கொல்வதே. எனினும் வில்லேந்திய இராமனைத் தெய்வமாகவே தமிழுலகம் கொண்டது. கம்பராமாயணத்துள் வாலி எழுப்பும் வழக்கு, அம்பு எய்தது பற்றியதன்று. மறைந்து நின்று எய்தது பற்றியது. ஆகவே, சேய்மை குற்றமன்று, மறைவே குற்றம் என்பது பெறப்படும். துப்பாக்கிக்கும் இவ்வளவையே பொருந்தும். படைக்கலத்தால் ஒருவன் தூயன் ஆவதும் இல்லை. தீயன் ஆவதும் இல்லை. எதனைச் செய்யேன் என அவன் வரைந்துகொண்டானோ, அவ்வரையறையே அவனைத் தெய்வ மறவன் ஆக்குகின்றது. இதற்கு வரலாறு தரும் சான்று திருவரங்கத்திலேயே உளது.

3. மூன்றாம் மதில்

1751 முதல் திருச்சிராப்பள்ளிக் கோட்டையை முன்னிட்டு நிகழ்ந்த போரில், முகம்மது அலிக்கு ஆங்கிலரும் சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் துணைநின்றனர். 1752இல் பிரெஞ்சுப் படைத்தலைவர் லா என்பார் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவிற்குப் பின்வாங்கினார். திருவரங்கம் திருக்கோயிலும் திருவானைக்கா திருக்கோயிலும் பாசறைகள் ஆயின. அவ்வாண்டு சூன் திங்களில் லா பணிந்தார். சந்தா சாகிபு கொல்லப்பட்டார்.

அந்நிலையில் நிகழ்ந்ததொன்றை 1763இல் வெளிவந்த தம் போர் வரலாற்றுள் இராபர்ட்டு ஓர்ம் குறித்துள்ளார். திருவரங்கம் கோயிலுள் இருந்த இராசபுத்திர வீரர் ஆயிரவர், வென்றவர் மூன்றாம் மதிலைக் கடந்து உட்புகின் அவர்களை வெட்டி வீழ்த்துவதாக உறுதி கூறினர். அவர்தம் உறுதியை வியந்த ஆங்கிலர், அதற்கு இடம் தாரோம் என வாக்களித்தனர்.

இந்நிகழ்ச்சியின் பொருள் ஆழ்ந்து நோக்கற்பாலது. பீரங்கியும் துப்பாக்கியும் முழங்கிய போரில் இவ்வீரர் தோற்ற பக்கத்தவர். அவர்க்கு வெற்றி இல்லை. தப்பும் வழியும் இல்லை. எஞ்சியது ஒரு மதிலே. ஏழு மதில்களுள் எதுவரை உலகப் போர் புகலாம், எதற்கப்பால் புகலாகாது என அவர் வரைந்தனர். அவ்வரையறையைப் பகைவரும் ஏற்றனர். ஆங்கிலரிடம் துப்பாக்கி இருந்தமையால் அவ்வுறுதி பயனற்றுப் போகவில்லை. அவர் துப்பாக்கியை உயர்த்தாது நின்றமையாலேயே அதன் வலிமை புலனாயிற்று.

4. இறப்பினைத் தேர்தல்

திருவரங்கத்தொடு பழந்தொடர்புடைய ஊர் செஞ்சியை அடுத்த சிங்கவரம். படையெடுப்புக் காலத்தே திருவரங்கத்தினின்று அகன்ற அழகியமணவாளர் திருமேனியைக் கோபணாரியர் திருப்பதியினின்று கொணர்ந்து அங்கு வைத்திருந்து, 1371இல் மீண்டும் திருவரங்கத்தே எழுந்தருளச் செய்தார் என்பது கோயிலொழுகு கூறும் வரலாறு. அச்சிங்கவரத்து அரங்கநாதரை வழிபட்டவன் தேசிங்குராசன். 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானை எதிர்த்துப் பொருது மாண்ட இளைஞன் அவன். அவன் துப்பாக்கிக் குண்டு பட்டு வீழ்ந்தான் என்பர் வரலாற்றாசிரியர். மக்களிடையே பரவலாக வழங்கும் கதைப்பாடலோ, அவன் தன் வாளை வான்நோக்கி எறிந்து, மீண்டு வீழ்ந்த அதனைத் தன் மார்பில் ஏற்று மாய்ந்தான் என்கின்றது. போருக்கு விடைகேட்டபோது இறைவன் முகம் திருப்பிக்கொண்டார் என்றும் கூறுவர்.

பாடல் புனைந்தோர் வரலாற்றைத் திரித்தனர் எனக் கடிவது எளிது. அவர் செய்தது யாது என அறிவது பயனுடையது. எவனோ ஒருவன் கையினின்று வந்த குண்டினால் வீரன் இறத்தலை அவர் மனம் ஏற்கவில்லை. ஆகவே, இறப்பின் உரிமையை வீரனுக்கே மீட்டுத் தந்தனர். ஆயினும் அவனை வெல்லற்கரியவன் ஆக்கவில்லை. தெய்வம் விடை தாராமையால் தோல்வியை முன்னரே உணர்த்திவிட்டனர்.

5. காப்பும் அதன் எல்லையும்

இனி, திருச்சிராப்பள்ளிப் போர்க்களத்திலேயே புகழ் பெற்ற யூசுபுகான் என்னும் கான் சாகிபு கதையை நோக்குவாம். ஆங்கிலர் படையில் சிப்பாய்களின் தலைவராய் உயர்ந்து, பின் மதுரையில் அவர்களையே எதிர்த்த இவர், 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். இவர் பெயரால் 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடல் வழங்குகின்றது. தூக்குக்கயிறு இருமுறை அறுந்தது எனவும், அவர் உடலிற் கொண்டிருந்த காப்பினை நீக்கிய பின்னரே உயிர் பிரிந்தது எனவும் மக்கள் கூறுவர். அவர்தம் தலை திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பப்பட்டது என்னும் வழக்கும் உண்டு.

துப்பாக்கிப் படையையே நடத்திய ஒருவரைத் தெய்வக் காப்புடையவராக மக்கள் கருதியமை ஈண்டு அறியத்தக்கது. துப்பாக்கி ஏந்துவோன் தெய்வ அருளுக்கு உரியனாகான் என அவர் நினைத்திலர். அக்காப்பினையும் எல்லையற்றதாகக் கொள்ளவில்லை. கழற்றத்தக்க பொருளாகவே வைத்தனர்.

6. சுவரில் ஒட்டிய ஆணை

நான்காவது சான்று 1801 சூன் 16ஆம் நாளினது. மருது பாண்டியரின் போர் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பெற்றது. வளரியும் ஈட்டியும் துப்பாக்கியும் ஒருங்கே வழங்கிய போர் அது. வளரி எறியும் முறையைச் சின்ன மருதுவிடமிருந்து தாம் கற்றதாக வெல்சு என்னும் ஆங்கிலப் படையதிகாரியே எழுதியுள்ளார். அவ்வறிக்கையைக் கிழித்தெடுப்போர் பெரும்பாவத்திற்கு ஆளாவர் என்னும் எச்சரிக்கை அதன்கண் காணப்படுகின்றது. அறக்கட்டளைக் கல்வெட்டுகளின் இறுதியில் வரும் சாபமொழியை இது நினைவூட்டும். தாளில் எழுதிய அறிக்கைக்குக் காவல் நிறுத்த இயலாதவிடத்துச் சொல்லே காவலாயிற்று. துப்பாக்கிக் காலத்திலும் ஆணையும் சாபமும் வலியிழந்தில என்பதற்கு இது கரி.

7. படைப்போர் கொள்ளத்தக்கன

மேற்கூறியவற்றால் கற்பனை உலகு படைப்போர் கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, துப்பாக்கியைத் துப்பாக்கியாகவே வைத்தல் வேண்டும். திரித்துப்பாக்கி ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்து கெட்டித்தற்குக் காலம் பிடிக்கும், மழையில் திரி அவியும், மருந்து நனையும். 1757இல் பிளாசியில் பெய்த மழை, மருந்தினை மூடிக் காவாத நவாபு படையின் பீரங்கிகளை ஊமையாக்கிற்று. எனவே, தெய்வ அருளைக் காட்டுதற்குக் குண்டு தைக்காத உடலைப் படைக்க வேண்டுவதில்லை. காலத்தாற் பெய்த ஒரு மழை போதும்.

இரண்டாவது, தெய்வ மறவனுக்கு ஒரு 'மூன்றாம் மதில்' வேண்டும். மறைந்து சுடேன், படைக்கலம் இட்டானைச் சுடேன், இவ்வாயிலைக் கடக்க விடேன் என்றாற்போன்ற உறுதி ஒன்றனைப் பூணச் செய்க. அதனைக் காத்தல் அவனுக்கு இழப்புத் தருதல் வேண்டும். இழப்பில்லாத நோன்பு வெறும் அணிகலனே.

மூன்றாவது, காப்பு எதுவாயினும் அது நீங்கும் வழியும் கூறப்பெறல் வேண்டும். நீங்காத காப்புடையான்பால் அச்சமும் இல்லை. அச்சம் இல்லாதவழி மறமும் இல்லை.

இவற்றைப் பிறநாட்டு ஆட்டநூல்களில் தேடி வருந்துவார், நம் கதைப்பாடல்களையும் கோயில் வரலாறுகளையும் ஒருமுறை புரட்டுவாராக. அச்சேறாது வாய்மொழியாய் வழங்கும் பாடவேறுபாடுகள் பாடுவோர் குறையுந்தோறும் மறைந்துவருகின்றன. கதைப்பாடல்களை இலக்கியம் அல்ல என ஒதுக்கின், புதிய கற்பனைக்கு உரிய பழைய விளைநிலத்தை நாமே தரிசாக்கியவர் ஆவோம். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிற் பாடப்படும் கதையொன்றின் வடிவத்தைக் கேட்டு எழுதி, அதன்கண் துப்பாக்கி எவ்விடத்து வருகின்றது, எவ்விடத்து விலக்கப்படுகின்றது எனக் குறித்து வருவாராயின், இவ்வாய்வு மேலும் விரிவுறும்.