குழந்தை முகமும் கேமரா வில்லையும்

குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடும் சிற்றிலக்கியம் பிள்ளைத்தமிழ் என்பதை யாவரும் அறிவர். தலையெடுத்து ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வாரானை, தேருருட்டி ஓடும் சிறுதேர் ஆகிய ஒவ்வொன்றும் சிறிது காலமே நிற்பது, சென்றபின் மீளாதது. அவற்றை அன்று புலவர்கள் சொல்லில் நிறுத்தினர். இன்று பெற்றோர் ஒளிப்படத்தில் நிறுத்த விழைகின்றனர். ஆயின், விலைமிக்க கருவி வாங்கியவர்களும், 'இது எங்கள் பிள்ளையின் முகமாகத் தோன்றவில்லையே' என வருந்துவதைக் காண்கிறோம். மூக்குப் பருத்தும் காதுகள் பின்வாங்கியும் அம்முகம் தோன்றக் காரணம் யாது? ஏற்ற வில்லையைத் தெரிவு செய்வது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொலைவும் முகவடிவும்

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம், 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் பெருநூலை இயற்றினார். பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே காட்சி நிகழ்கிறது என விளக்கிய அவர், ஒரு பொருளின் பருமையை உணர்வதற்கு அது கண்ணில் அமைக்கும் கோணத்தோடு அதன் தொலைவையும் நம் அறிவு கருதுகிறது என்றும் எடுத்துரைத்தார். கேமராவுக்கோ கோணம் ஒன்றே தெரியும். தொலைவை எண்ணித் திருத்திக்கொள்ளும் அறிவு அதற்கு இல்லை.

இதனை ஒரு கணக்கால் தெளியலாம். மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே 12 செ.மீ. இடைவெளி உண்டெனக் கொள்வோம். மூக்கிலிருந்து 30 செ.மீ. தொலைவில் கேமராவை வைத்தால், காது 42 செ.மீ. தொலைவில் இருக்கும். எனவே காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதியும். ஒன்றரை மீட்டர் விலகி நின்றால் இவ்வேறுபாடு 1.08 மடங்காகக் குறைந்துவிடும். ஆகவே முகத்தின் வடிவை மாற்றுவது நாம் நிற்கும் தொலைவே என்பது பெறப்படும். குறுகிய குவியத் தொலைவுடைய வில்லைகள் மீது பழி விழுவதற்குக் காரணம், முகத்தால் சட்டத்தை நிரப்ப வேண்டுமெனில் அவை நம்மை மிக அருகில் செல்ல வைப்பதேயாகும்.

குவியத் தொலைவைத் தெரிதல்

35 மி.மீ. பிலிமின் படச்சட்டம் 24 மி.மீ. அகலமும் 36 மி.மீ. நீளமும் கொண்டது. இன்றைய 'ஃபுல் ஃபிரேம்' எண்ணியல் கேமராக்களும் இவ்வளவினையே பின்பற்றுகின்றன. தலை முதல் மார்பு வரை 60 செ.மீ. உயரமுள்ள பகுதியை நெடுவாக்கில் இச்சட்டத்துள் நிரப்ப, 35 மி.மீ. வில்லைக்கு ஏறத்தாழ 62 செ.மீ. தொலைவும், 50 மி.மீ. வில்லைக்கு 88 செ.மீ. தொலைவும், 85 மி.மீ. வில்லைக்கு ஒன்றரை மீட்டரும், 135 மி.மீ. வில்லைக்கு 2.4 மீட்டரும் வேண்டும். 85 முதல் 135 மி.மீ. வரையுள்ளவற்றை உருவப்பட வில்லைகள் என வழங்குவதன் காரணம் இதனால் விளங்கும். அவை நம்மை இயல்பான உரையாடல் தொலைவில் நிற்க வைக்கின்றன. பேசும்போது நாம் கண்டு பழகிய முகமே படத்திலும் தோன்றுகிறது.

சிறிய உணரி கொண்ட 'ஏ.பி.எஸ்.சி' வகைக் கேமராக்களில் 50 மி.மீ. வில்லையே ஏறத்தாழ 75 அல்லது 80 மி.மீ. வில்லைக்கு நிகரான பரப்பைக் காட்டும். ஆதலின் அவ்வகைக் கருவி உடையோர்க்கு விலை குறைந்த 50 மி.மீ. எஃப் 1.8 வில்லையே நல்ல உருவப்பட வில்லையாகிவிடுகிறது. கைப்பேசியின் முதன்மை வில்லையோ பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ. வில்லைக்கு ஒப்பானது. அதனை முகத்தருகே நீட்டாமல், ஒன்றரை மீட்டர் விலகி நின்று இரு மடங்கு உருப்பெருக்கத்தில் எடுப்பது நலம்.

பருவத்துக்கேற்ற வில்லை

குழந்தை வளர வளர, அதற்கும் நமக்கும் உள்ள தொலைவும் வளர்கிறது. செங்கீரை, சப்பாணிப் பருவங்களில் பிள்ளை கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். 85 மி.மீ. வில்லைகள் பலவும் 80 செ.மீ. தொலைவுக்குள் தெளிவு காட்டமாட்டா, 50 மி.மீ. வில்லைகள் 35 முதல் 45 செ.மீ. வரை நெருங்க இடந்தரும். எனவே இப்பருவங்களுக்கு 50 மி.மீ. வில்லை பொருந்தும். தரையில் அமர்ந்து, பிள்ளையின் கண்மட்டத்துக்குக் கேமராவைத் தாழ்த்துதல் இன்றியமையாதது. மேலிருந்து எடுப்பின் தலை பெருத்து உடல் சிறுத்துத் தோன்றும்.

வாரானைப் பருவத்தில் நடந்துவரும் பிள்ளையைச் சுற்றிடத்தோடு, ஒரு மீட்டர் உயரம் அடங்குமாறு எடுப்பதாகக் கொள்வோம். அதற்கு 85 மி.மீ. வில்லையோடு இரண்டரை மீட்டர் பின்செல்ல வேண்டும். பத்தடி அறையில் அதற்கு இடமேது? 50 மி.மீ. வில்லைக்கு ஒன்றரை மீட்டரும் 35 மி.மீ. வில்லைக்கு ஒரு மீட்டரும் போதும். சிறுதேர்ப் பருவத்தில் பிள்ளை வெளியே ஓடுகிறது. நாம் பின்தொடர்ந்தால் விளையாட்டு நின்றுவிடும். அப்போது 70 முதல் 200 மி.மீ. வரை மாறவல்ல 'ஜூம்' வில்லை, விலகி நின்றே விளையாட்டைக் காட்டும்.

ஒளியும் துளையும்

1839-இல் தாகேரின் ஒளிப்பட முறை வெளியானபோது, பல நிமிடம் அசையாதிருந்தாலன்றி உருவம் பதியவில்லை. குழந்தைக்கு அது இயலுமோ? 1840-இல் வியன்னாவின் கணிதப் பேராசிரியர் பெட்சுவால் வகுத்த எஃப் 3.6 வில்லை, மிகுதியான ஒளியை உட்கொண்டு அந்நேரத்தை ஒரு நிமிடத்துக்கும் கீழாகக் குறைத்தது. உருவப்படக்கலை பரவ வழிகோலியது இவ்வகை வில்லையே.

அத்தேவை இன்றும் தொடர்கிறது. கேமராவுடன் பொதுவாகக் கிடைக்கும் 18–55 மி.மீ. வில்லையில், 55 மி.மீ. நிலையில் துளை எஃப் 5.6 அளவே விரியும். எஃப் 1.8 துளை அதனினும் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை ஏற்கும். எனவே வீட்டினுள் நொடியில் 30-இல் ஒரு பங்கு நேரத்தில் எடுக்க வேண்டிய படத்தை 300-இல் ஒரு பங்கு நேரத்திலேயே எடுத்துவிடலாம். முன்னதில் கைகொட்டும் பிள்ளையின் விரல்கள் கலங்கும். பின்னதில் பெரும்பாலும் நிலைபெறும்.

எனினும் துளையை விரிக்குந்தோறும் தெளிவின் ஆழம் குறையும். 85 மி.மீ. வில்லையில், ஒன்றரை மீட்டர் தொலைவில், எஃப் 1.8 துளைக்கு ஏறத்தாழ 3 செ.மீ. ஆழமே தெளிவாக அமையும். கண் தெளிந்தால் காது மங்கும். எஃப் 4 ஆயின் அது 7 செ.மீ. அளவுக்கு விரியும். உடன்பிறந்தார் இருவரைச் சேர்த்து எடுக்கும்போது துளையைச் சுருக்குவதும், இருவரையும் ஒரே தொலைவில் அமர்த்துவதும் வேண்டும். கண்ணைத் தானே கண்டறிந்து தெளிவுபடுத்தும் இக்காலக் கருவிகளும் ஒரு நேரத்தில் ஒரு தொலைவையே தெரிந்துகொள்ளும்.

படமும் அமானிதமும்

1984-ஆம் ஆண்டு இறுதியில், பெஷாவர் அருகேயுள்ள நாசிர் பாக் அகதிகள் முகாமில், ஆஃப்கானியச் சிறுமி ஒருத்தியை ஸ்டீவ் மெக்கரி படமெடுத்தார். 105 மி.மீ. எஃப் 2.5 வில்லையால் எடுக்கப்பெற்ற அப்படம், 1985 ஜூன் மாத 'நேஷனல் ஜியோகிராஃபிக்' இதழின் அட்டையில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. அவர் பெயர் ஷர்பத் குலா என்பது 2002-இல்தான் கண்டறியப்பட்டது. தம் முகத்தை உலகமே கண்டிருக்க, அதுவரை அவர் அப்படத்தைக் கண்டதில்லை. வில்லைத் தேர்வின் சிறப்புக்கு அப்படம் சான்றாகும். எடுக்கப்பட்டவருக்கு நாம் பட்டிருக்கும் கடனையும் அதுவே நினைவூட்டுகிறது.

குழந்தை தன் படத்துக்குத் தானே இசைவு தர இயலாது. அதன் முகம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பிறர் பிள்ளையைப் படமெடுக்குமுன் பெற்றோரின் இசைவைப் பெறுதலும், எடுத்த படத்தின் படியொன்றை அவர்களிடம் அளித்தலும், அவர்கள் விரும்பாவிடில் பொதுவில் பரப்பாதிருத்தலும் நம் கடமையாகும். 200 மி.மீ. வில்லை தொலைவிலிருந்து எடுக்க வல்லது என்பதால், அறியாமல் எடுக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது.

முடிவுரை

வில்லை வாங்க விழைவோர், பிள்ளை எங்கே இருக்கிறது, நாம் எவ்வளவு தொலைவில் நிற்க இயலும், அங்கு ஒளி எவ்வளவு ஆகிய மூன்றையும் முதலில் ஆராய்க. இவற்றுக்கு விடை கண்டபின் கடைக்குச் செல்லின், பெரும்பாலோர்க்கு ஒரு 50 மி.மீ. வில்லையே போதுமானதாக இருக்கும். பிள்ளை வெளியே ஓடத் தொடங்கிய பின்னர் அடுத்த வில்லையைக் கருதலாம்.